கோலாலம்பூரில் ஏர்கோன் பாகம் மாற்றுவது எப்படி: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரில் வாடகைக்குக் குடியேறியவர்களுக்கும் முதல் வீட்டை வாங்கியவர்களுக்கும் எதிர்பாராமல் வந்து நிற்கும் செலவுகளில் அறை ஏர்கோன் பழுது முக்கியமானது. வீட்டில் கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் அது ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாத செலவாகிவிடுகிறது. எங்கள் படுக்கையறை ஏர்கோனைச் சரிசெய்வதற்குப் பட்ட பாட்டில் நான் தெளிவாகக் கண்டுகொண்டது இது: பணம் வீணாவது பெரும்பாலும் பழுது எதுவென்று உறுதியாவதற்கு முன்பே பாகத்தை மாற்றச் சம்மதிப்பதால்தான். ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் பின்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். கீழே தரும் விலைகள் கோலாலம்பூரும் அதன் சுற்றுவட்டாரமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் 1 முதல் 1.5 குதிரைத்திறன் கொண்ட சுவர் ஏர்கோன்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் தொகைகள். பிராண்டையும் மாடலையும் பொறுத்து அவை கூடும், குறையும்.

1. செலவு யாருடையது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

வாடகை வீடு என்றால், யாரையும் அழைப்பதற்கு முன் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். சிறு பழுதுகளைக் குடியிருப்பவரும், ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட பழுதுகளை வீட்டுக்காரரும் ஏற்க வேண்டும் என்ற விதி பல ஒப்பந்தங்களில் இருக்கும். அந்தத் தொகை ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். ஏர்கோனை ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை சர்வீஸ் செய்யும் பொறுப்பு உங்கள் மீது இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த சர்வீஸ் ரசீதுகள் உங்களிடம் இல்லையென்றால், கம்ப்ரெசர் (குளிரூட்டும் காஸை அழுத்திச் சுற்றவைக்கும் பாகம்) போனாலும் "பராமரிக்காததால்தான் போனது" என்று சொல்லி உங்கள் இரண்டு மாத வைப்புத் தொகையில் கைவைக்க வீட்டுக்காரருக்கு வழி கிடைத்துவிடும்.

வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். என்ன பழுது, எந்தத் தேதியில் கண்டீர்கள் என்பதை ஒரு சிறிய காணொளியுடன் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பி, அவருடைய சம்மதத்தை எழுத்தில் பெற்ற பிறகே வேலையைத் தொடங்குங்கள். நீங்கள் பணம் கட்டிவிட்டு வாடகையில் கழித்துக்கொள்வதாக இருந்தால், எந்த மாத வாடகையில் எவ்வளவு கழிக்கப்படும் என்பதும் அதே உரையாடலில் இருக்கட்டும்.

சொந்த வீடு என்றால் உத்தரவாதத்தைத் தேடுங்கள். பாகங்களுக்கு ஓரிரு ஆண்டுகளும் கம்ப்ரெசருக்கு அதைவிட நீண்ட காலமும் உத்தரவாதம் தருவது வழக்கம். இங்கே ஒரு பொறி இருக்கிறது: "கம்ப்ரெசர் உத்தரவாதம்" என்றால் பெரும்பாலும் கம்ப்ரெசர் என்ற அந்த ஒரு பாகம் மட்டுமே இலவசம், ஆள்கூலி, காஸ், போக்குவரத்து ஆகியவற்றுக்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டியிருக்கும். உத்தரவாதக் காலத்துக்குள் வெளியாள் ஒருவர் இயந்திரத்தைத் திறந்துவிட்டால் அந்த உரிமையும் போய்விடலாம். எனவே முதல் அழைப்பு பிராண்டின் சேவை மையத்துக்குத்தான் போக வேண்டும். வாங்கிய ரசீது, உத்தரவாத அட்டை அல்லது இணையப் பதிவின் சான்று, இயந்திரத்தின் சீரியல் எண் ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

2. பெயர்ப்பலகைகளைப் படம் எடுத்து வையுங்கள்

உள்ளே சுவரில் இருக்கும் பெட்டிக்கும் வெளியே இருக்கும் பெட்டிக்கும் தனித்தனிப் பெயர்ப்பலகைகள் உண்டு. உள்பெட்டியின் பலகை பெரும்பாலும் அதன் பக்கவாட்டிலோ அடியிலோ இருக்கும். இரண்டையும் தெளிவாகப் படம் எடுங்கள். மாடல் எண், சீரியல் எண், காஸின் வகை, மின்னோட்ட அளவு ஆகியவை அதில் இருக்கும். மாடல் எண்ணின் கடைசி ஓரெழுத்து மாறினாலே போர்டு (இயந்திரத்தை இயக்கும் மின்னணுப் பலகை) பொருந்தாமல் போகலாம் என்பதால், "1 குதிரைத்திறன், வெள்ளை நிறம்" என்று சொல்லி எந்தப் பாகத்தையும் வாங்க முடியாது.

காஸின் வகையை நீங்களே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பழைய இயந்திரங்களில் ஆர்22, அடுத்து வந்தவற்றில் ஆர்410ஏ, இப்போது விற்பவற்றில் பெரும்பாலும் ஆர்32 இருக்கும். ஆர்22 இயந்திரத்தில் மற்ற இரண்டையும் நிரப்ப முடியாது. அழுத்தமும் வேறு, உள்ளே ஓடும் எண்ணெயும் வேறு. எந்த காஸ் கையில் இருக்கிறதோ அதையே நிரப்பிவிட்டுப் போகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை அப்போதே அனுப்பிவிடுங்கள்.

3. பழுதா, அழுக்கா என்று பிரித்துப் பாருங்கள்

குளிர் குறைந்துவிட்டது, தண்ணீர் சொட்டுகிறது, காற்று மெலிந்துவிட்டது என்ற மூன்று குறைகளுக்கும் பெரும்பாலும் எந்தப் பாகத்தையும் மாற்றத் தேவையில்லை. வடிகட்டியைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். தண்ணீர் சொட்டினால் வடிகுழாயில் சளிபோல் பாசி அடைத்திருக்கும். அதை உறிஞ்சி எடுத்தாலே போதும். இவற்றில் தீராவிட்டால் கெமிக்கல் வாஷ் (ரசாயனக் கரைசலால் உள்பாகங்களைக் கழுவுவது) செய்யலாம். அதற்கு ஏறத்தாழ 100 முதல் 150 ரிங்கிட் ஆகும். உள்ளே சுருளில் பனிக்கட்டி படிந்திருந்தால் அதற்கு அழுக்கும் காரணமாகலாம், காஸ் குறைவும் காரணமாகலாம். கழுவிய பிறகும் பனி படிகிறது என்றால்தான் காஸ் பக்கம் பார்க்க வேண்டும்.

இயந்திரம் இயங்கவே இல்லை என்றால் ரிமோட்டைச் சோதியுங்கள். கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே ரிமோட்டைப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், பெரும்பாலான கைப்பேசிகளின் திரையில் ரிமோட்டின் நுனி மினுமினுப்பது தெரியும். மினுங்கினால் ரிமோட் சமிக்ஞை அனுப்புகிறது என்று பொருள். அடுத்து, உள்பெட்டியின் முன்மூடியைத் தூக்கினால் கண்ணில் படும் அவசரப் பொத்தானை அழுத்துங்கள். அதனால் இயந்திரம் ஓடினால் குறை ரிமோட்டிலோ சமிக்ஞை வாங்கும் கண்ணிலோதான் இருக்கிறது. போர்டையும் கம்ப்ரெசரையும் பற்றி யாரும் உங்களிடம் பேசத் தேவையில்லை. பல பிராண்டுகளுக்குப் பொருந்தும் பொது ரிமோட் 30 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும்.

4. பிழைக் குறியீட்டை வாசித்து எழுதி வையுங்கள்

இன்வெர்ட்டர் ஏர்கோன்கள் (கம்ப்ரெசரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றி ஓடுபவை) தம் குறையைத் தாமே பதிவு செய்து வைக்கின்றன. டைக்கின் இயந்திரங்கள் பலவற்றில் ரிமோட்டின் ரத்துப் பொத்தானை ஐந்து விநாடிகள் அழுத்திப் பிடித்தும், பானாசோனிக் இயந்திரங்கள் பலவற்றில் சோதனைப் பொத்தானை ஊசியால் அழுத்திப் பிடித்தும் குறியீட்டை வரவழைக்கலாம். உங்கள் மாடலுக்கு எப்படி என்பது கையேட்டில் இருக்கும். மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போட்டுப் பார்ப்பதற்கு முன்பே குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குறியீடு எங்கே தேட வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்பதை உறுதிப்படுத்துவதில்லை. டைக்கினில் யூ0 என்றால் காஸ் பற்றாக்குறை, யூ4 என்றால் உள்பெட்டியும் வெளிப்பெட்டியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை என்று பொருள். பானாசோனிக்கில் அதே குறைக்கு எச்11 என்று வரும். இந்தத் தொடர்புக் குறைக்கு வெளிப்போர்டு காரணமாக இருக்கலாம், உள்போர்டு காரணமாக இருக்கலாம், இரண்டையும் இணைக்கும் கம்பியும் காரணமாக இருக்கலாம்.

எங்கள் வீட்டில் வந்தது இந்தக் குறைதான். முதலில் வந்தவர் வெளிப்பெட்டியைத் திறந்து பார்க்காமலேயே போர்டு போய்விட்டது, 900 ரிங்கிட் ஆகும் என்றார். இரண்டாவதாக வந்தவர் வெளிப்பெட்டியின் பக்கமூடியைக் கழற்றி, கம்பிகள் வந்து சேரும் இணைப்புக் கட்டையில் டார்ச் அடித்துக் காட்டினார். மூன்றாவது திருகின் கீழே கம்பியின் நுனி கறுத்து, மேலுறை பிளாஸ்டிக் கருகிச் சுருங்கியிருந்தது; திருகும் தளர்ந்து கையோடு ஆடியது. அவர் கறுத்த பகுதியை வெட்டி எறிந்து, புதுச் செம்பு தெரியும்வரை உறையைச் சீவி, முனையில் உலோகக் கவசம் போட்டு இறுக்கினார். அதன்பின் எச்11 வரவில்லை. ஆகவே போர்டு என்று யார் சொன்னாலும், "இணைப்புக் கம்பியைச் சோதித்துவிட்டீர்களா, எங்கே என்று காட்டுங்கள்" என்று கேளுங்கள். பல்லி உள்ளே புகுந்து போர்டில் குறுக்காக விழுந்து செத்துக் கிடப்பதும், எறும்பு கூடு கட்டுவதும் இந்த ஊரில் அடிக்கடி நடப்பவை. அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

5. எந்தப் பாகம், என்ன அறிகுறி, எவ்வளவு செலவு

கெப்பாசிட்டர்: கம்ப்ரெசரும் விசிறியும் ஓடத் தொடங்க மின்னேற்றம் தந்து உதவும் சிறு பாகம். இன்வெர்ட்டர் அல்லாத இயந்திரங்களில் அதிகமாகப் போவது இதுதான், மலிவானதும் இதுதான். உள்ளே காற்று வரும், குளிர் இருக்காது. வெளிப்பெட்டி உறுமிவிட்டு நின்றுவிடும், சற்று நேரம் கழித்து மறுபடி உறுமும். கழற்றிப் பார்த்தால் அதன் தலைப்பக்கம் உப்பியிருக்கும். உப்பாமலும் கெடும் என்பதால் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். மேலே 35 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்து மீட்டரில் 20 காட்டினால் சந்தேகமே வேண்டாம். புதியதும் அதே மைக்ரோஃபாரட் அளவில், அதே வோல்டேஜிலோ அதைவிடக் கூடுதலான வோல்டேஜிலோ இருக்க வேண்டும். ஆள்கூலியோடு 80 முதல் 150 ரிங்கிட் வரை கேட்பார்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். காணொளியைப் பார்த்து நீங்களே கைவைக்காதீர்கள்.

சென்சார்: அறை வெப்பத்துக்கு ஒன்று, சுருளின் வெப்பத்துக்கு ஒன்று. இது கெட்டால் அறை குளிர்வதற்கு முன்பே இயந்திரம் நின்றுவிடும், அல்லது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். 25 டிகிரியில் சிலவற்றின் மின்தடை 10 கிலோஓம், வேறு சிலவற்றில் 15 அல்லது 20 கிலோஓம். அளவு மாறிய சென்சாரைப் போட்டால் இயந்திரம் தவறான வெப்பநிலையை நம்பி ஓடும். 80 முதல் 150 ரிங்கிட் ஆகும்.

விசிறி மோட்டார்: உள்பெட்டியில் கிறீச்சென்ற ஓசை, காற்று விட்டுவிட்டு வருவது, அல்லது விசிறி சுற்றாமல் சுருள் உறைவது. வெளிப்பெட்டியின் விசிறி நின்றால் கம்ப்ரெசர் சூடேறித் தானாக நின்றுவிடும். ஓசை மட்டும் வந்தால் காற்றுருளையில் அழுக்கு ஒருபக்கமாகப் படிந்திருக்கிறதா, அதன் முனையில் உள்ள ரப்பர் தாங்கி தேய்ந்துவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். மோட்டார் மாற்ற 200 முதல் 400 ரிங்கிட் ஆகும்.

போர்டு: உள்போர்டுக்கு 250 முதல் 500 ரிங்கிட் வரையிலும், இன்வெர்ட்டர் வெளிப்போர்டுக்கு 600 முதல் 1,200 ரிங்கிட் வரையிலும் ஆகலாம். கருகிய ஒரு உதிரியை மட்டும் மாற்றிப் போர்டைப் பழுதுபார்த்துத் தருபவர்களும் உண்டு. செலவு ஏறத்தாழப் பாதியாகும், ஆனால் உத்தரவாதம் ஒன்று முதல் மூன்று மாதம்வரைதான் தருவார்கள். புதுப் போர்டு கையிருப்பில் இல்லாத பழைய மாடல்களுக்கு இது நல்ல வழி.

காஸ்: தனியாகச் சொல்ல வேண்டியது இதைப் பற்றித்தான், ஏனெனில் அதிகப் பணம் கசிவது இங்கேதான். ஏர்கோனில் காஸ் தீர்ந்துபோகும் பொருள் இல்லை; மூடிய குழாய்க்குள் அதே காஸ் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை காஸ் நிரப்பிக்கொண்டே இருந்தால், கசியும் இடத்தை யாரும் தேடவில்லை என்று பொருள். முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் குழாய் வந்து சேரும் பித்தளை நட்டுகள். சோப்பு நுரை தடவினால் கசியும் இடத்தில் குமிழி வளரும். நட்டைக் கழற்றிக் குழாயின் வாயை மறுபடி விரித்து இறுக்குவது சிறிய வேலை. சுருளிலேயே துளை விழுந்திருந்தால் செலவு பெரிது. குழாயைத் திறந்து செய்யும் எந்த வேலைக்குப் பிறகும் வெக்யூம் பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுமையாக இழுத்தெடுத்து, பம்பை நிறுத்தியபின் மீட்டர் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே காஸை விட வேண்டும். சிறிது காஸைப் பீய்ச்சிக் காற்றை வெளியே தள்ளிவிட்டால் போதும் என்பவர்கள் உங்கள் கம்ப்ரெசரின் ஆயுளைக் குறைக்கிறார்கள்.

கம்ப்ரெசர்: இதற்கும் வெளிப்போர்டுக்கும் விலை மேற்கோள் வந்தால் பத்தாம் படிக்குப் போய்ப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

6. ஆளைத் தேர்ந்தெடுத்து, விலையை எழுத்தில் வாங்குங்கள்

குறைந்தது இருவரிடம் கேளுங்கள். காஸைக் கையாள்பவர்களுக்குச் சுற்றுச்சூழல் துறையின் சான்றிதழ்ப் பயிற்சி இருக்கிறது; அந்த அட்டை உண்டா என்று கேட்பதில் தவறில்லை. புதிய மின்கம்பி இழுக்க வேண்டியிருந்தால் அதை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்கம்பியாளரே செய்ய வேண்டும். நிறுவனமாக இருந்தால் எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு எண் ரசீதில் இருக்க வேண்டும்.

பார்க்க வருவதற்கான கட்டணம் 50 முதல் 80 ரிங்கிட் வரை இருக்கும். வேலையைக் கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்வார்களா என்று முன்பே கேளுங்கள். மேற்கோளில் பாகத்தின் பெயரும் எண்ணும், அது புதிய அசலா, பொருந்தும் மாற்றா, பழையதா என்பதும், ஆள்கூலி தனியாகவும், காஸ் தனியாகவும், உத்தரவாதக் காலமும் இருக்க வேண்டும். சேவை வரிக்குப் பதிவு செய்துள்ள நிறுவனம் என்றால் 8 விழுக்காடு வரி சேர்ந்த தொகையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காஸுக்கு அழுத்த அளவைக் கணக்கிட்டு விலை சொல்லும் வழக்கம் இங்கே உண்டு. அப்படியானால் நிரப்பும் முன்பும் பின்பும் மீட்டர் காட்டும் எண்ணைப் படம் எடுங்கள். முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

7. அடுக்குமாடியில் நிர்வாகத்தின் அனுமதி

உள்பெட்டியில் மட்டும் வேலை என்றால் பல இடங்களில் காவலரிடம் பதிந்துவிட்டு வரலாம். வெளிப்பெட்டியை இறக்க வேண்டும், குழாயை மாற்ற வேண்டும் என்றால் நிர்வாக அலுவலகத்தில் படிவம் கேட்பார்கள். தொழிலாளர்களின் அடையாள அட்டை நகல், வாகன எண், வேலை நாள், சில கட்டடங்களில் திரும்பக் கிடைக்கும் வைப்புத் தொகை ஆகியவை தேவைப்படும். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரின் கையெழுத்தும் வாங்க வேண்டியிருக்கும். வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரையும் சனிக்கிழமை மதியம்வரையும் மட்டுமே வேலை செய்யலாம், ஞாயிறும் பொது விடுமுறையும் கிடையாது என்பது பரவலான விதி. வெளிப்பெட்டியை வேறு சுவருக்கு மாற்றும் யோசனை இருந்தால் முன்கூட்டியே கேளுங்கள். வெளிச்சுவர் பொதுச் சொத்து.

வெளிப்பெட்டி சுவருக்கு வெளியே விளிம்பில் இருந்தால், வேலை செய்பவர் பாதுகாப்புக் கச்சை கட்டாமல் இறங்குவதை அனுமதிக்காதீர்கள். "அஞ்சு நிமிஷ வேலைதான் தம்பி" என்பார், ஒத்துக்கொள்ள வேண்டாம்.

8. பாகத்தை நீங்களே வாங்குவதா?

கெப்பாசிட்டர், ரிமோட் போன்றவற்றைப் புடு வட்டாரத்து ஜாலான் பாசாரில் உள்ள மின்னணுக் கடைகளில் தேடலாம். பழைய பாகத்தையும் பெயர்ப்பலகைப் படத்தையும் கையோடு கொண்டு போங்கள். இணையத்தில் வாங்கினால் விற்பவருக்கு மாடல் எண்ணை அனுப்பி, பொருந்தும் என்ற பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். போர்டுகளை மட்டும் நீங்களாக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: போட்ட பிறகு இயங்காவிட்டால் விற்றவர் மாட்டியவரைக் குறைசொல்வார், மாட்டியவர் போர்டைக் குறைசொல்வார், இருவரிடமிருந்தும் பணம் திரும்பாது.

நேரத்தையும் கணக்கில் வையுங்கள். பொதுவான பாகங்கள் அன்றே கிடைக்கும். பிராண்டிடமிருந்து வரவழைக்கும் போர்டுக்கு ஒன்று இரண்டு வாரம் ஆகலாம். சீனப் புத்தாண்டை ஒட்டி உதிரிபாகக் கடைகள் பல நாள்கள் மூடியிருக்கும். நோன்புப் பெருநாளுக்கு ஊர் திரும்பும் ஆள்களும் அதிகம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான வெயிலில் எல்லோருக்கும் இதே வேலை குவிந்திருக்கும்.

9. வேலை நடக்கும்போது அருகில் இருங்கள்

ஏர்கோனுக்கான சுவிட்சை மின்பலகையில் இறக்கிவிட்டார்களா என்று பாருங்கள். இன்வெர்ட்டர் போர்டு என்றால் அதன்பிறகும் பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். ஆர்32 தீப்பற்றக்கூடிய காஸ் என்பதால், குழாயில் காஸ் இருக்கும்போது பற்றவைப்பு வேலை நடக்கக் கூடாது. சன்னல்களைத் திறந்து வையுங்கள். கழற்றிய பழைய பாகத்தை உங்களிடம் தரும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய பாகம் உங்கள் கையில் இருந்தால்தான் அது உண்மையில் மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இருக்கும்.

முடிந்ததும் அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். இயந்திரத்துக்குள் போகும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் இடையே 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் குளிரூட்டல் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். வடிகுழாயில் தண்ணீர் இறங்குவதையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

10. சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

1 குதிரைத்திறன் இன்வெர்ட்டர் ஏர்கோன் 1,300 ரிங்கிட்டிலிருந்து கிடைக்கிறது. பொருத்த 250 முதல் 400 ரிங்கிட் ஆகும். இயந்திரத்துக்கு எட்டு ஆண்டுக்கு மேல் ஆகி, சொல்லப்படும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் நான் புதியதையே வாங்குவேன். ஆர்22 இயந்திரத்தில் கம்ப்ரெசர் போனால் யோசிக்கவே வேண்டாம். ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட இயந்திரத்தில் போர்டு மட்டும் போயிருந்தால் சரிசெய்வதே சிக்கனம். புதியது வாங்கினால் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையையும் சிரிம் (மலேசியத் தரச்சான்று அமைப்பு) முத்திரையையும் பாருங்கள். பழைய செம்புக் குழாயையே மறுபடி பயன்படுத்த ஒப்புக்கொள்வதற்கு முன் அதன் அளவும் தடிமனும் புதிய இயந்திரத்துக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

11. அதே குறை திரும்பி வந்தால்

ரசீது, மேற்கோள், புலன உரையாடல், படங்கள், பழைய பாகம் ஆகிய அனைத்தையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை ஒரே இடத்தில் வையுங்கள். குறை திரும்பினால் உடனே எழுத்தில் தெரிவித்து, சரிசெய்ய ஒரு தேதியைக் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. மனுவோடு இணைக்கக் கேட்பவை நீங்கள் சேர்த்து வைத்த அதே ரசீதுகளும் படங்களும்தான். எதிர்த்தரப்பின் பதிவுப் பெயரும் முகவரியும் மனுவில் சரியாக இருக்க வேண்டும் என்பதால், பணம் கொடுக்கும் அன்றே ரசீதில் அவை இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.